செவ்வாய் வியாழன் சனிக்காரர்கள்

அத்தியாயம் 9

"இனிமே எந்த விசேஷத்துக்கும் நான் வரமாட்டேன். எவங்க எலைலயும் ஒக்காரமாட்டேன். என்னை விட்டுருங்க."

போன வாரம் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று அம்பிகா சொன்னது இது. சொன்னபடியே எட்டு நாளாக நடந்தும் வருகிறாள். வீட்டில்கூட யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. பகல் பதினொரு மணிக்கே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கணவர் மாதவராஜ் உப்பில்லாமல் ஆக்கி வைத்ததை நாலு வாயில் முடித்துவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். அவரும் மகள் சுமித்ராவும் சாப்பிட உட்காரும்போது டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வாள்.

எல்லாம் இரண்டு துண்டு மாங்காய் ஊறுகாயால் வந்தது. மண்டபத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிட, அவள் மட்டும் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆத்திரம் தாங்காமல் ஊறுகாயை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். உப்பு தாகத்தைக் கிளப்ப, தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க, செவ்வாய்க்கிழமை தருமபுரியில் டயாலிசிஸ் மெஷினில் படுக்கும் முன் எடை பார்த்தால் நாலு கிலோ ஏறியிருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அத்தனையும் தண்ணீர். நர்ஸ் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதவராஜுக்கும் அம்பிகாவுக்கும் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் நிறைகிற நாள்.

காலை ஒன்பது மணிக்குப் பட்டறைப் பக்கமிருந்து எதையோ உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. பாப்பாரப்பட்டியில் மாதவராஜ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருந்தது.

அம்பிகா எட்டிப் பார்த்தாள். டிராக்டர் கலப்பையின் பழைய வட்டத் தகடு ஒன்று, குழிவான பக்கம் மேலே பார்க்க, மூன்று கால்களில் நின்றது. அதன்மேல் பளபளவென்று கம்பி வலை.

"இது என்னங்க?"

"அடுப்பு. மீன் சுடறதுக்கு."

"இதுக்குத்தான் ஒரு வாரமா ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்கு வராம இருந்தீங்களா?"

"கம்பிக்குத்தான் லேட்டாச்சு. கால்வனைஸ் கம்பின்னா பட்டறையிலேயே கெடக்குது. ஆனா அது சூடேறுனா வர்ற பொகை ஒடம்புக்கு ஆகாது. எஸ்.எஸ். ராடு வேணும்னு சொல்லி வெச்சு வரவழைச்சேன்." மாதவராஜ் வலையைக் கழற்றி மாட்டிக் காட்டினார். இருபத்தெட்டு வருஷத்தில் கேட்டுகளையும் கிரில்களையும் செய்து கொடுத்தவர், பெண்டாட்டிக்கென்று செய்த முதல் சாமான் இதுதான்.

அடுப்புக்குப் பக்கத்தில் அவர் வைத்திருந்த பையை அம்பிகா திறந்து பார்த்தாள். ஈரச் சணல் சாக்குக்குள் ஐஸ். ஐஸுக்குள் கட்லா மீன், பெரிதாக இரண்டு.

"நாகமரைக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"விடிஞ்சதும் போனேன். ஏரில புடிச்ச ஈரம் காயறதுக்குள்ள வாங்கிட்டேன்."

நாகமரைக்குப் போகிற வழியில்தான் ஏரியூர். ஏரியூரில்தான் அம்பிகாவின் அண்ணன் சென்றாயன் வீடு. அந்த வீட்டைத் தாண்டும்போது மாதவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பைக் ஓட்டியிருப்பார் என்பது அம்பிகாவுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சில்லை. 

"ரெண்டு மீனு எதுக்குங்க? நாம மூணு பேருதானே?"

மாதவராஜ் அடுப்பின் காலை ஆட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். "ஆளுங்க வர்றாங்க."

"யாரு?"

"உன்னோட ஆளுங்கதான். செவ்வா, வியாழன், சனிக்காரங்க."

அம்பிகா அப்படியே நின்றுவிட்டாள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், அவள் படுக்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்திருப்பவர்கள். இடது பக்கம் குள்ளம்மாள், இண்டூர்க்காரி, வாய் ஓயாதவள். வலது பக்கம் முருகேஷ், முப்பது வயசு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவர்களுடைய எடை, பிரஷர், பேத்தி பெயர் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட அவர்களைப் படுக்கையில் இல்லாமல் பார்த்ததில்லை.

"குள்ளம்மாக்கா வருதா? நம்ம வூட்டுக்கா?"

"ஆமா. முருகேஷே ஆட்டோல கூட்டியாறான். அவன் பொண்டாட்டியும் வருது. இன்னிக்கு இந்த வூட்டுல தனிச் சமையல் கெடையாது அம்பிகா. நீ என்ன சாப்புடறயோ, அதான் எல்லாருக்கும். ஒரே பானை."

அம்பிகா விறுவிறுவென்று உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, முன்னாடியே சொல்லக்கூடாதா? எந்தப் பொடவைய கட்டறது நானு?"

---

சமையலறையில் சுமித்ரா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. ஞாயிறு மட்டும்தான் பகலில் வீட்டில் இருப்பாள். சுரைக்காயையும் பீன்ஸையும் பொடிப்பொடியாக நறுக்கி, பெரிய சட்டித் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீரில் போட வேண்டும். காயில் இருக்கும் பொட்டாசியம் அப்போதுதான் இறங்கும். இந்தப் பாடத்தை மாதவராஜ் ஆஸ்பத்திரியில் சத்துணவு சொல்லித்தரும் அம்மாவிடம் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். முதல் மாதம் அவர் ஆக்கிய சோறு பாதி நாள் குழைந்துபோகும், மீதி நாள் விதைவிதையாக நிற்கும். இப்போது கை பழகிவிட்டது.

மீனுக்கு இஞ்சி, பூண்டு, மிளகு, வறுத்துப் பொடித்த தனியா, பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம். உப்பு மட்டும் கிடையாது. மாதவராஜ் மீனின் முதுகில் சாய்வாகக் கீறல் போட்டு, ஒவ்வொரு கீறலிலும் மசாலாவை விரலால் அழுத்தி அழுத்தித் திணித்தார்.

"உப்பு செய்யற வேலைய மத்ததெல்லாம் சேர்ந்து செய்யணும் சுமி. அதுக்குத்தான் நெருப்பு. பொகை வாசம் ஏறுச்சுன்னா நாக்கு ஏமாந்துரும்."

"ப்பா…"

"சொல்லு."

"நான் ஒன்னு பண்ணிட்டேன். திட்டக்கூடாது." சுமித்ரா கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்து சென்றாயன் மாமாவுக்கு போன் பண்ணேன். இன்னிக்கு உங்க கல்யாண நாள்னு சொன்னேன். வாங்க மாமான்னு கூப்ட்டேன்."

மாதவராஜின் விரல் மீன் முதுகிலேயே நின்றது.

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. வெச்சிட்டாரு."

"அப்ப வரமாட்டாரு," என்றார் மாதவராஜ். சொல்லிவிட்டு, மீதி மசாலாவைக் கிண்ணத்தோடு வழித்து எடுத்தார்.

---

பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது குள்ளம்மாள் இல்லை, அவள் தண்ணீர் பாட்டில். முக்கால் லிட்டர் பாட்டிலில் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதை ஜன்னல் திண்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் அவள் திரும்பினாள்.

"அடியே அம்பிகா! நின்னுகினு இருக்கறப்ப நீ இவ்ளோ ஒசரமா!"

"உங்களுக்குப் பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்கக்கா, குள்ளம்மான்னு!"

இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பேரின் இடது கையிலும் ஊசி குத்தும் இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. முருகேஷ் தன் பாட்டிலைக் குள்ளம்மாளின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். அம்பிகாவும் தன்னுடையதைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினாள்.

வேப்ப மரத்தடியில் அடுப்பு கனிந்துகொண்டிருந்தது. கொட்டாங்குச்சிக் கரி சிவந்து மேலே சாம்பல் பூத்திருந்தது. மாதவராஜ் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கம்பிகள்மேல் தேய்த்தார். மீனை வைத்ததும் சுர்ரென்று சத்தம் எழுந்து வாசம் தெரு வரைக்கும் போனது.

அப்போதுதான் வாசலில் குட்டியானை சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது.

சென்றாயன் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. யாரையும் பார்க்காமல் வண்டியின் பின்னால் போய் இரண்டு குலை இளநீரை இழுத்து இறக்கினார். கூடவே ஒரு கூடை தக்காளி.

"அண்ணா!" அம்பிகா ஓடி வந்தாள்.

"எளச்சிப் போயிட்டியே கண்ணு." அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "தண்ணி குடிக்கக்கூட உன்னை அளந்து வெக்கறாங்கன்னு சுமி சொல்லுச்சு. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல எனக்கு. நம்ம தோட்டத்து எளநி. நீ சின்னதுல ஒரே மூச்சுல ரெண்டு குடிப்பயே, அந்த மரத்துது."

பேசிக்கொண்டே அரிவாளை எடுத்தார். மூன்று வெட்டில் கண் திறந்தது. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். அம்பிகாவின் கை அவளை அறியாமல் முன்னால் போனது.

மாதவராஜ் அடுப்பை விட்டுப் பாய்ந்து வந்து இளநீரின்மேல் கையை வைத்தார்.

"வேணாங்க மச்சான்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் சென்றாயனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சென்றாயனின் முகம் கறுத்தது. "என் தங்கச்சிக்கு நான் குடுக்கறத நீ தடுப்பியா?"

"யார் குடுத்தாலும் தடுப்பேங்க. எளநில இருக்கற பொட்டாசியம் அவ ஒடம்புல இருந்து வெளிய போவாது. ரத்தத்துல ஏறிச்சுன்னா நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திரும்."

"எளநி குடிச்சு எவனாச்சும் செத்துருக்கானாய்யா?"

"நான் பாதி செத்தேனுங்க," என்றாள் குள்ளம்மாள், மரத்தடியிலிருந்து. "என் மவன் ஆசையா வாங்கியாந்தான். ஒரே ஒரு எளநி. மூணு நாளு ஐ.சி.யு.வுல கெடந்தேன். பாவம், அவன் இன்னிக்கும் எளநிக் கடையப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கறான்."

சென்றாயன் கையிலிருந்த இளநீரைப் பார்த்தார். பிறகு தக்காளிக் கூடையைப் பார்த்தார். "இதுவுமா?"

சுமித்ரா மெதுவாகத் தலையாட்டினாள்.

"அப்ப நான் வெசத்தத்தான் வண்டி கட்டிக் கொண்டாந்திருக்கேன்." அவர் இளநீரைத் தரையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

"மாமா, போகாதீங்க மாமா…" சுமித்ரா பின்னாலேயே ஓடினாள். அவர் நிற்கவில்லை.

"மச்சான்! ஒன்னு சொல்றேன். கேட்டுட்டுப் போங்க."

மாதவராஜின் குரலில் என்ன இருந்ததோ, சென்றாயன் வண்டிக் கதவில் கை வைத்தபடியே நின்றார்.

"ஆஸ்பத்திரில அன்னிக்கு என் சட்டையப் புடிச்சுக் கேட்டீங்க, 'என் தங்கச்சிய என்ன பண்ண'ன்னு. நான் வாயத் தொறக்கல. திமிருன்னு நெனச்சிட்டீங்க. அது திமிரு இல்லீங்க." மாதவராஜ் ஒரு அடி முன்னால் வந்தார். "முட்டி வலிக்கு ஏழு வருசம் அவ ஒரு மாத்திர முழுங்குனா. அதான் கிட்னியத் தின்னுருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அத வாங்கியாந்தது நானு. மொத தடவ மட்டுந்தான் டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அப்புறம் பூரா பழைய அட்டையக் காட்டி நானே வாங்கியாருவேன். அவ கேக்காட்டியும் வாங்கி அலமாரில வெப்பேன். பொண்டாட்டிய நல்லா பாத்துக்கறேன்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற. நீங்க கேட்ட கேள்விக்குப் பதிலு எனக்குத் தெரியும் மச்சான். அதான் பேசல."

 சென்றாயன் வண்டியின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"நானுந்தான் மாப்ள."

"என்னங்க?"

"ஏரியூருக்கு வர்றப்பல்லாம் முட்டியப் புடிச்சிகினு ஒக்காருவா. பாக்க முடியாது எனக்கு. கடைக்கு ஓடிப்போயி, அதே மாத்திரய அட்டை அட்டையா வாங்கியாந்து அவ பையில போட்டு அனுப்புவேன். 'தீந்துபோச்சுன்னா சொல்லு கண்ணு, பஸ்ஸுல குடுத்தனுப்பறேன்'னு சொல்லுவேன்." அவர் தோள்கள் குலுங்கின. "டாக்டர் சொன்னதக் கேட்டதும் எனக்குக் கண்ணு இருட்டிகினு வந்துச்சு. யாரையாச்சும் அடிக்கணும்போல இருந்துச்சு. நீ எதுத்தாப்புல நின்ன."

மாதவராஜ் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா ரெண்டு பேருக்கும்?"

அம்பிகா இடுப்பில் கை வைத்து முன்னால் நின்றாள்.

"நீ வாங்குனியா, நான் வாங்குனனான்னு பங்கு பிரிச்சிக்கறீங்க. முழுங்குனது யாரு? இந்த வாயி. வலி போச்சு, நடமாடுனேன், காட்டுக்குப் போனேன், புள்ளைய வளத்தேன். அந்த மாத்திர இப்பிடிச் செய்யும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரெண்டு வருசமா இத நெஞ்சுல வெச்சிகினு, நீங்க ஒரு பக்கம் மூஞ்சத் திருப்பிக்கறீங்க, அண்ணன் ஒரு பக்கம் திருப்பிக்குது. நடுவுல நான் என்ன பாவம் பண்ணேன்?" அவள் கண்ணில் நீர் இருந்தது. ஆனால் அடுத்த மூச்சில் மூக்கைச் சுளித்தாள். "ஐயய்யோ, மீனு கருகுதுங்க!"

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள்.

---

வால் பக்கம் மட்டும்தான் கருகியிருந்தது. சென்றாயன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். பொழுதன்னைக்கும் காட்டில் சோளக்கருதும் கடலையும் சுட்டுத் தின்று வளர்ந்தவர். "கரிய நடுவுல குமிச்சு வெக்கக் கூடாது மாப்ள, ஓரத்துக்குத் தள்ளு. அனல்ல வேகணும், நெருப்புல இல்ல," என்று சொல்லி இரண்டாவது மீனைத் திருப்பினார். தோல் கிழியாமல் பொன்னிறமாகத் திரும்பியது.

மரத்தடியில் பாய் விரித்து ஏழு இலை போட்டார்கள். சோறு, சுரைக்காய்ப் பொரியல், சுட்ட குடைமிளகாயும் வெங்காயமும், சுட்ட மீன். மீன் துண்டுகளை மாதவராஜ் தராசில் நிறுத்துத்தான் வைத்தார். குள்ளம்மாளுக்குக் கொஞ்சம் சின்னது, முருகேஷுக்குக் கொஞ்சம் பெரியது. உடம்புக்குத் தகுந்தபடி.

அம்பிகா குள்ளம்மாளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முதல் வாயை எடுக்கும்போது எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். நிமிர்ந்தால் ஒருவரும் பார்க்கவில்லை. குள்ளம்மாள் முள் எடுப்பதிலும், முருகேஷ் மென்றுகொண்டே கண்ணை மூடுவதிலும் இருந்தார்கள்.

"இப்பிடி வரிசையா ஒக்காந்து தின்னு ரெண்டு வருசமாச்சுடி," என்றாள் குள்ளம்மாள். "மருமவ எனக்குத் தனியா ஒரு கிண்ணத்துல வெச்சு மூடி வெச்சிருவா. பூனைக்கு வெச்ச மாதிரி."

முருகேஷ் சிரித்ததில் புரையேறியது. அவன் மனைவி பாட்டிலை நீட்ட, அவன் கோட்டைப் பார்த்து, ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மூடினான். "புரையேறுனா குடிக்கற தண்ணி கணக்குல சேருமான்னு நர்ஸம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுக்கா," என்றான்.

சென்றாயன் ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். எல்லாரும் இப்போது அவரைத்தான் பார்த்தார்கள்.

"எப்பிடிண்ணா இருக்குது?"

அவர் யோசித்தார். "மிளகு நல்லா ஏறியிருக்குது. பொகை வாசம் அருமை. ஆனா கண்ணு… உப்பு இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

சுமித்ரா பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவை முறைத்தாள். அம்பிகா விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ரெண்டு வருசத்துல எங்கிட்ட உண்மையச் சொன்ன மொத ஆளு நீதாண்ணா! இவங்க ரெண்டு பேரும் என் எதுக்கால ஒக்காந்து, 'உப்பில்லாததே தெரியல, சூப்பரா இருக்குது'ன்னு சொல்லுவாங்க. அதக் கேட்டுக் கேட்டே எனக்கு எரிச்சலு. தெரியாம எப்பிடிய்யா இருக்கும்!"

மாதவராஜ் தலையைச் சொறிந்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "தெரியுதுதான்," என்றார். "ஆனா போன மாசத்துக்கு இந்த மாசம் தேவல."

"அது நெசம்," என்று அம்பிகா இரண்டாவது துண்டை எடுத்தாள்.

ஜன்னலில் அவள் போன் அடித்தது.

பரிமாறிக்கொண்டிருந்த சுமித்ரா எடுத்தாள். தெரியாத நம்பர். "ஆமாங்க, அவங்க பொண்ணுதான் பேசறேன்… எங்கிருந்து?" அவள் முகம் மாறியது. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். சேலத்து ஆஸ்பத்திரி. மாதவராஜின் ரத்தம் சேரவில்லை என்றானபிறகு, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் பெறுவதற்கு அம்பிகாவின் பெயரைப் பதிந்து வைத்திருந்த இடம். பதினாலு மாதமாக அங்கிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை.

"ஒரு கிட்னி வந்திருக்குங்க. இந்தக் குரூப்ல முதல்ல ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கோம். அவருக்குச் சேரலைன்னா அடுத்த பேர் உங்க அம்மாவோடதுதான். உறுதியா சொல்ல முடியாது. ஆனா உடனே கிளம்பி வந்து அட்மிட் ஆயிடணும்."

முருகேஷின் பெயரும் அதே பட்டியலில் எங்கோ இருக்கிறது. அவன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அவன் போன் சும்மாதான் இருந்தது. முதலில் எழுந்தது அவன்தான். "மேட்டூருக்குப் போயிராதீங்க, தருமபுரி வழியாவே போலாம். நான் வண்டிய எடுக்கறேன்," என்று ஈரக் கையோடு ஆட்டோவை நோக்கி ஓடினான்.

"டேய், உன் ஆட்டோல சேலம் போய்ச் சேர விடிஞ்சிரும்," என்று சென்றாயன் குட்டியானையின் சாவியைத் தேடினார்.

"காய்ச்சல், சளி ஏதாவது இருக்காங்க அவங்களுக்கு?" என்றது குரல்.

"இல்லீங்க."

"கடைசியா எப்ப சாப்பிட்டாங்க? என்ன சாப்பிட்டாங்க?"

சுமித்ரா போனை அம்மாவின் பக்கம் நீட்டினாள்.  அம்பிகா மாதவராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.  போன் பக்கம் குனிந்தாள்.

"இப்பத்தாங்க," என்றாள். "எங்க வூட்டுக்காரரும் எங்கண்ணனும் சேந்து சுட்ட மீனு. வாயில இருக்குது, முழுங்கிக்கட்டுமா வேணாமா?"